ஒப்படைப்புக் குறிப்பு

வரும் ஒன்றாம் தேதியிலிருந்து
பண்ணைக் குற்றங்கள் எங்களுடையவை அல்ல.
சுற்றறிக்கை வந்துவிட்டது, இரண்டு பக்கம்,
அம்புக்குறிகளோடு ஒரு படம்.
கீரைத் திருட்டு ஒரு பெட்டிக்குள்,
கோழி இன்னொன்றில்,
கடலில் மிதக்கும் கூண்டுகள் மட்டும்
இரண்டுக்கும் நடுவே
புள்ளிக்கோட்டில்.

என் மேசையில் இருப்பது
அந்தப் புள்ளிக்கோட்டின் வழக்கு.

லிம் சூ காங் படகுத்துறையிலிருந்து பதினைந்து நிமிடம்.
குவெக் பூன் செங்கின் ஒன்பதாவது கூண்டு.
நானூற்றுச் சொச்சம் கொடுவா மீன்கள்
சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள் முன்பு
ஒரே இரவில் காணாமல் போயின.

முதலில் இது நீர்நாயின் வழக்காக இருந்தது.
வனவிலங்குப் பிரிவு வந்து குனிந்து பார்த்து,
பல் இவ்வளவு நேராக வெட்டாது
என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.
பிறகு கடலோரக் காவலின் வழக்கு.
படகு கரையிலிருந்து கிளம்பியிருந்தால்
கரைக்காரர்கள் பார்க்கட்டும் என்றார்கள்.
உணவுத் துறை ஒரே ஒரு கேள்வி கேட்டது:
அந்த மீன் விற்பனைக்கு வந்ததா?
வராத மீன் உணவாகாதாம்.
கோப்பு தடித்துக்கொண்டே திரும்பி வந்தது,
ஊர் சுற்றிவிட்டு வரும் பூனைபோல.

உயர்நிலை மூன்றில் படித்தது:
நிலத்தை ஐந்தாகப் பிரித்தவர்கள்
ஒரு நிலத்தின் பூ இன்னொரு நிலத்தில் பூத்தால்
என்ன செய்வது என்றும் யோசித்திருந்தார்கள்.
திணை மயக்கம்.
ஒரு மதிப்பெண் கேள்வி. தவறவிட்டேன்.
இப்போது விடை தெரியும்,
படிவத்தில் கட்டம் இல்லை.

கூண்டுக்குக் காவல் ராயப்பன்,
தொண்டிக்காரர், இங்கே நான்காவது வருடம்.
வலையை விரல்களில் விரித்துக் காட்டினார்.
"அறுத்தவன் இடக்கைக்காரன் மேடம்.
கண்ணி தெரிஞ்சவன். முடிச்சை விட்டுட்டு அறுத்திருக்கான்."
அவர்மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது.
மதியம் அவர் சோறு பிசையும் கையைக் கவனித்தேன்.
பிறகுதான் உறைத்தது,
சோற்றுக்கு நாம் எல்லோருமே வலக்கைதான்.
அது சாட்சியாகாது.
வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.
வலது.
இரண்டு "ப்" போட்டார், ஒன்றை அடித்தார்,
மறுபடியும் போட்டார்.

படகு ஏறும்போது
கேட்காமலே சொன்னார்:
"மாசம் நூத்தி இருபது வெள்ளி புடிக்கிறாங்க மேடம்.
மீனுக்கு."

இழப்பு என்ற இடத்தில்
நானூற்றுச் சொச்சம் என்று நான் எழுதியிருந்தேன்.
பாதிக்கப்பட்டவர்: குவெக்.
நூற்றிருபது மனிதவள அமைச்சின் பக்கம்.
படத்தில் அங்கே போகும் அம்பு கிடையாது.
பழைய படத்திலும் இல்லை,
தேடிப் பார்த்தேன்.

இன்று கடைசி நாள்.
புதிய பிரிவிலிருந்து ஓர் இளைஞர்,
கழுத்தில் இன்னும் பழைய துறையின் அட்டை,
பட்டியலைப் படித்துப் படித்து வாங்கிக்கொண்டார்.
வலைத்துண்டு, சரி.
புகைப்படங்கள், சரி.
வாக்குமூலங்கள் மூன்று, சரி.
தடயம் நான்கு என்ற இடத்தில் நின்றார்.
கூண்டின் மூலையில் மிச்சம் கிடந்த
இரண்டு கொடுவா.

"எங்களிடம் உறைபெட்டி இல்லையே.
ஏலம் முடிய மார்ச் ஆகும்."

"மற்றவை" என்ற பகுதியில்
எண்பது எழுத்துக்குத்தான் இடம்.
இடக்கை என்று எழுதினேன்.
கண்ணி தெரிந்தவன் என்று எழுதினேன்.
நூற்றிருபது என்று எழுதும்போது
திரை சிவப்பானது.
கண்ணி தெரிந்தவனை அழித்துவிட்டு
நூற்றிருபதை உள்ளே சேர்த்தேன்.
அவர் கையொப்பமிட்டார், இடக்கையால்,
நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

ஆக, வழக்கு போய்விட்டது.
மீன் இங்கேயே இருக்கிறது,
எங்கள் தேநீர் அறையில்,
ஃபைசலின் டுரியான் ஐஸ்கிரீமுக்கும்
யாரோ மறந்த பட்டாணிப் பைக்கும் இடையில்,
வாயைச் சற்றே திறந்தபடி.
கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்:

சமைக்க வேண்டாம்.
யாருடையது என்று
பின்னர் தெரிவிக்கப்படும்.